கந்தலில் கம்பளி நெய்த ஊர்: பிராட்டோவும் உலகச் சந்தையும்

இத்தாலியின் டஸ்கனியில், ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது பிராட்டோ. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊருக்கு உலகின் நாலா பக்கத்திலிருந்தும் பழைய கம்பளித் துணி பொதி பொதியாக வந்து இறங்குகிறது. ஸ்வெட்டர், கோட்டு, போர்வை, தையற்கடை வெட்டுத்துண்டு எல்லாம் கலந்து கிடக்கும். பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தேய்த்துப் பார்ப்பார். மெரினோ, காஷ்மீர், நைலான் கலந்தது என்று கைக்கே தெரிந்துவிடும். பலகையில் நிறுத்திவைத்த கத்தியில் துணியை இழுத்து, தையலையும் பட்டனையும் லைனிங்கையும் அறுத்துத் தள்ளுவார். அப்புறம் நிறம் பிரிப்பார். சிவப்பில் மட்டுமே பல குவியல் விழும். இவ்வளவு கவனமாக நிறம் பிரிப்பதற்குக் காரணம், அப்படிப் பிரித்துவிட்டால் மறுபடி சாயம் போட வேண்டாம் என்பதுதான். பழைய ஸ்வெட்டரின் சிவப்பே புதுத் துணியின் சிவப்பாகிவிடும்.

பிரித்த துணியை அமிலத்தில் பக்குவம் செய்து, கலந்திருக்கும் பருத்தியைக் கருக்கி உதிர்ப்பார்கள். முள் உருளைகளில் கிழித்து மறுபடி பஞ்சாக்குவார்கள். அந்தப் பஞ்சைச் சிக்கெடுத்து நூற்று நெய்தால் கோட்டுக்கும் போர்வைக்கும் ஏற்ற கனமான துணி கிடைக்கும். அதற்குக் 'கார்டாட்டோ' என்று பெயர். கந்தல் பிரிப்பவர்களை ஊரில் 'சென்ச்சாயோலி' என்பார்கள். புதுக் கம்பளி வாங்க வசதியில்லாத ஊர், பிறர் தூக்கிப்போட்டதிலிருந்து ஒரு தொழிலையே கட்டியெழுப்பியது.

உலகமயமாக்கலும் வெளிநாட்டு உற்பத்தியும் இத்தாலியின் பழைய தொழில் ஊர்களை என்ன செய்தன என்ற கேள்விக்கு வழக்கமாக வருகிற பதில், 'சீனாவில் கூலி குறைவு, அதனால் வேலை போய்விட்டது' என்பது. அது பாதிதான். பிராட்டோ போன்ற ஊர் எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் மீதிப் பாதி புரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிராட்டோவில் பெரிய கம்பளி ஆலைகள் இருந்தன. நூற்பு, நெசவு, சாயம், ஃபினிஷிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. மலிவுப் போர்வைகள் இந்தியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தன. 1950 வாக்கில் அந்தச் சந்தைகள் கைவிட்டுப் போயின. ஆலை முதலாளிகள் ஆட்களைக் குறைத்தார்கள், கூடவே தறிகளையும் விற்றார்கள். வாங்கியது வேறு யாருமில்லை, அதே தறியை ஓட்டிக்கொண்டிருந்த தொழிலாளிதான். வீட்டின் கீழ்த்தளத்திலும் பின்கட்டிலும் தறியைப் போட்டுக்கொண்டு, நேற்றுவரை சம்பளத்துக்கு நெய்த துணியை இன்று கூலிக்கு நெய்தார். இப்படி ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவருக்கு 'தெர்ட்சிஸ்தா' என்று பெயர். சில ஆண்டுகளில் ஊரே ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளாகப் பிரிந்துவிட்டது.

இவர்களையெல்லாம் இணைத்தவர் 'இம்பன்னத்தோரே'. அவரிடம் தறி இருக்காது. ஒரு சின்ன அலுவலகம், சாம்பிள் அலமாரி, தொலைபேசி, ஊரில் யார் எதை நன்றாகச் செய்வார்கள் என்ற கணக்கு, இவ்வளவுதான் முதல். பாரிஸிலோ மியூனிக்கிலோ ஓர் ஆர்டரைப் பிடித்து வருவார். நூலை ஒருவரிடம் வாங்கி, பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் இழை) ஓட்ட இன்னொருவரிடம் கொடுத்து, நெசவு, சாயம், ஃபினிஷிங் என்று ஒவ்வொரு பட்டறையாகத் துணியை நகர்த்துவார். சிறிய வேன்கள் காலை முதல் இரவு வரை பாவு உருளையும் துணிக்கட்டும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஓடும். அடுத்த பருவத்தில் வாங்குபவர் வேறு துணி கேட்டால், இம்பன்னத்தோரே வேறு பட்டறைகளைக் கோத்து வேறு சங்கிலி கட்டுவார். பெரிய ஆலையால் அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியாது. ஊரால் முடிந்தது.

இதை ஒரு கோட்பாடாக எழுதியவர் ஃபுளோரன்ஸ் பொருளியலாளர் ஜாகொமோ பெக்கத்தினி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜவுளி, உலோகத் தொழில் ஊர்களைப் பார்த்து ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் சொன்ன ஒரு கருத்தை 1979இல் மறுபடி கையில் எடுத்தார். ஒரே தொழில் ஒரே ஊரில் நெடுங்காலம் தங்கிவிட்டால் தொழில் ரகசியங்கள் ரகசியமாகவே இருப்பதில்லை, அவை ஊர்க்காற்றில் கலந்துவிடுகின்றன, குழந்தைகள் அறியாமலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்பது மார்ஷலின் கருத்து. பெக்கத்தினி மார்ஷலின் 'தொழில் வட்டாரம்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டு, கணக்குப் போட வேண்டியது நிறுவனத்தை அல்ல, ஊரை என்றார். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்தவர்களும் இதே கருத்தைத்தான் கையாண்டார்கள். இத்தாலியின் புள்ளியியல் நிறுவனம் 2011 கணக்கெடுப்பை வைத்து இப்படிப்பட்ட 141 வட்டாரங்களைப் பட்டியலிட்டது. நாட்டின் வேலைகளில் ஏறக்குறைய கால் பங்கு அங்கே இருந்தது. பியெல்லாவில் மென்கம்பளி, கோமோவில் பட்டு, சாசுவோலோவில் தரை ஓடு, மாண்டெபெல்லூனாவில் மலையேறும் ஷூ என்று ஊருக்கு ஒன்று.

காற்று என்று மார்ஷல் சொன்னதில் மாயம் எதுவுமில்லை. பிராட்டோவில் 1886 முதல் ஒரு ஜவுளித் தொழிற்பள்ளி நடக்கிறது. நெசவுக் கூலிக்குத் தொழிலதிபர் சங்கமும் கைத்தொழிலாளர் சங்கங்களும் பேசி விலைப்பட்டியல் வைத்திருந்தன. சாயக்கழிவைச் சுத்திகரித்து அதே நீரை மறுபடி ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் பொது ஏற்பாடு இன்றும் இருக்கிறது. நகரின் சொந்தச் சேமிப்பு வங்கி, யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பும் என்பதை ஊர்ப்பேச்சிலிருந்தே தெரிந்துவைத்திருந்தது. ஒரு தறிக்காரர் நூலைத் திருடினாலோ, ஓர் இம்பன்னத்தோரே கூலியைப் பிடித்துக்கொண்டாலோ மறுநாள் காப்பிக் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. வீட்டிலேயே தறி இருந்ததால் ராத்திரியும் ஞாயிறும் ஓடியது. தறிச் சத்தத்தில் பலருக்குக் காது போனது. மனைவியின் உழைப்புக்கும் பிள்ளைகளின் உழைப்புக்கும் கணக்கே கிடையாது. பதிவில் வராத வேலையும் நிறைய. நிறுவனம் சின்னது என்பதால் அங்கே சுரண்டல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பின்னால் சீனப் பட்டறைகளைப் பார்த்து இந்த ஊர் அதிர்ந்தபோது, இந்தப் பழைய நினைவு பலருக்கு வரவில்லை.

சரி, அறுந்தது எப்போது? ஒரே நாளில் இல்லை. நாலைந்து கயிறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன.

இத்தாலிய ஏற்றுமதியாளர்களுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் நாட்டின் பழைய நாணயமான லிராவின் மதிப்பு இறங்கிக் கைகொடுத்தது. 1992 செப்டம்பரில் லிரா, நாணய மதிப்புகளை ஒரு வரம்புக்குள் கட்டிவைத்த ஐரோப்பிய ஏற்பாட்டிலிருந்து வெளியேறிச் சரிந்ததும் இவர்கள் துணி வெளிநாட்டில் மலிவாகி, ஆர்டர் குவிந்தது. 1999இல் ஒரு யூரோவுக்கு 1936.27 லிரா என்று மாற்று விகிதத்தைப் பூட்டியதோடு அந்த வழி அடைபட்டது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று 1974 முதல் அளவு வைத்திருந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கடைசிக் கட்டுப்பாடுகள் 2005 ஜனவரி 1 அன்று நீங்கின. சீன ஆடைகள் ஐரோப்பாவுக்குள் வெள்ளமாகப் பாய, ஐரோப்பிய ஒன்றியம் அவசரமாக மறுபடி அளவு வைத்தது; அந்தக் கோடையில் அளவைத் தாண்டிய சரக்கு துறைமுகங்களில் மலைபோல் குவிந்தது. அந்த அளவும் சில ஆண்டுகளுக்குத்தான்.

வாங்குபவரும் மாறிவிட்டார். ஜெர்மனியின் கோட்டுத் தயாரிப்பாளர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து துணியைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுத்த காலம் போய், உலகெங்கும் கடை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் விலையை முதலில் சொல்லிவிட்டு அதற்குள் துணி கேட்டன. 2001க்குப் பின் பத்தே ஆண்டுகளில் பிராட்டோவின் ஜவுளி வேலைகள் ஏறக்குறைய பாதியாகின. 2009 பிப்ரவரியில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, நீளமான மூவண்ணத் துணியைப் பிடித்துக்கொண்டு, 'பிராட்டோ மூடப்படக் கூடாது' என்று ஊர்வலம் போனார்கள். தொழிற்சங்க வரலாறு நீண்ட ஊர் அது. இரு தரப்பும் ஒரே கோரிக்கையோடு தெருவுக்கு வந்தது, நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வந்த போட்டி. உள்ளூர் நிறுவனங்களே வேலையை வெளியே கொண்டுபோன கதைக்கு வடகிழக்கே போக வேண்டும். வெனெட்டோ பகுதியின் மாண்டெபெல்லூனாவில் பனிச்சறுக்குக் காலணியும் மலையேறும் ஷூவும் செய்தார்கள். 1990களில் அங்கிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நிறுவனங்கள் ருமேனியாவின் திமிஷ்வாரா பக்கம் படையெடுத்தன. எத்தனை வெனெட்டோக்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்றால், ஏழு மாவட்டங்கள் கொண்ட வெனெட்டோவின் எட்டாவது மாவட்டம் அது என்று பேச்சே வந்தது.

ஐரோப்பியச் சுங்க விதியும் இதற்கு வழிவிட்டது. 100 யூரோ மதிப்புள்ள தோலையும் துணியையும் வெட்டி ருமேனியாவுக்கு அனுப்புகிறீர்கள். தைத்து 130 யூரோ மதிப்பில் திரும்பி வருகிறது. முழு 130க்கும் தீர்வை கேட்காமல், அங்கே கூடிய 30க்கு மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்ற ஏற்பாடு அது. வெட்டுவது இங்கே, தைப்பது அங்கே, பெட்டியில் போடுவது மறுபடி இங்கே. லாரி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் போனது ஷூவின் மேல்பாகத் தையல். அது வீட்டுப் பெண்கள் செய்த வேலை என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிறகு வெட்டும் வேலை போனது, ஏனென்றால் தைக்கும் இடத்திலேயே வெட்டினால் சேதாரம் குறைவு. அடுத்து அடிப்பாகம் ஒட்டுவதும் போனது. மாண்டெபெல்லூனாவில் வடிவமைப்பும் அச்சு செய்வதும் முதல் மாதிரி செய்து சோதிப்பதும் தங்கின. அந்த அறிவுக்காகவே வெளிநாட்டுப் பெரிய விளையாட்டு நிறுவனங்கள்கூட இந்த ஊருக்கு வந்து அலுவலகம் போட்டன. அதனால் மாண்டெபெல்லூனா இன்றும் வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. தலையை வைத்துக்கொண்டு கையை வெளியே அனுப்பிவிட்டது என்பார்கள்.

எனக்கு இதில் முழு நிம்மதி வரவில்லை. முதல் மாதிரி செய்யும் கைவினைஞர் அந்தத் திறமையைப் படித்து வாங்கவில்லை. இருபது வயதில் உற்பத்தி வரிசையில் நின்று, தோல் எந்த இடத்தில் சுருங்கும், எந்தத் தையல் மழையில் விடும் என்று ஆயிரம் ஜோடிகளில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வரிசை ருமேனியாவிலும், அப்புறம் வியட்நாமிலும் இருந்தால் அடுத்த இருபது வயதுப் பையன் எங்கே நிற்பான்?

ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தவறே இல்லை. கூலி மிச்சம், விலையில் போட்டி போட முடிகிறது, கம்பெனி பிழைக்கிறது. ஆனால் தையல் பட்டறைகள் மூடினால், அவர்களுக்கு எந்திரம் பழுது பார்த்தவருக்கு வேலை குறைகிறது. அவர் போனால், மிச்சமிருக்கும் பட்டறை எந்திரம் நின்றபோது இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாயப்பட்டறைக்குச் சரக்குக் குறைந்தால் ஒரு கிலோவுக்கான செலவு ஏறுகிறது, வெளியே போகாமல் தாக்குப்பிடித்த நெசவாளருக்கும் அந்தச் சுமை விழுகிறது. இடையில் ஒரு கண்ணி போனாலும் சங்கிலி முழுக்கத் தளரும். அந்தக் கண்ணி எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, ஆகையால் அதன் இழப்பு எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கம்பெனி லாபத்தில் இருக்கும்போதே ஊர் நஷ்டப்படுவது இப்படித்தான். பிராட்டோவின் சேமிப்பு வங்கியும் கைமாறிக் கைமாறி, கடைசியில் விச்சென்சா நகர வங்கியில் கரைந்து பெயரை இழந்தது. காப்பிக் கடைப் பேச்சைக் கேட்டுக் கடன் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

வடகிழக்கு இத்தாலியில் ஃபிரியூலி பகுதியின் மான்சானோவும் பக்கத்து இரண்டு ஊர்களும் நாற்காலிக்குப் பேர்போனவை. 1995இல் அங்கே 20 மீட்டர் உயரத்தில் ஒரு மர நாற்காலியை நட்டுவைத்தார்கள், ஊரின் பெருமையாக. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆசிய நாற்காலிகள் சந்தையைப் பிடிக்க, பட்டறைகள் வரிசையாக மூடின. மரம் உளுத்துப்போன அந்தப் பெரிய நாற்காலியை 2016இல் பிரித்து எடுத்துவிட்டார்கள். சாசுவோலோவின் அனுபவம் வேறு. அந்த வட்டாரத்தில் ஓடு செய்பவர்களோடு ஓடு செய்யும் எந்திரம் கட்டுபவர்களும் இருந்தார்கள். ஓட்டுக்குப் போட்டி வந்த ஸ்பெயினுக்கும் சீனாவுக்கும் குஜராத்தின் மோர்பிக்கும் எந்திரம் விற்றது இந்த இத்தாலியர்கள்தான். போட்டியாளரை வளர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனாலும் அடுத்த எந்திரத்தை முதலில் ஓட்டிப் பார்க்கும் இடம் சாசுவோலோவாகவே இருந்ததால் அந்த ஊர் தாக்குப்பிடித்தது.

பிராட்டோவில் நடந்தது மற்ற எந்த ஊரிலும் இந்த அளவுக்கு நடக்காத ஒன்று. வேலை சீனாவுக்குப் போனது ஒரு புறமிருக்க, சீனாவிலிருந்து தொழில் இங்கே வந்தது. 1980களின் முடிவில் செஜியாங் மாகாணத்தின் வென்ஜோ பகுதியிலிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கின. முதலில் இத்தாலிய ஆடை நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்தார்கள். பிறகு சொந்தமாகவே ஆடை தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். இதற்கு 'ப்ரொன்டோ மோடா' என்று பெயர். மிலானில் இந்த வாரம் எது ஓடுகிறது என்று பார்த்து, அடுத்த வாரமே மலிவு விலையில் வேன் வேனாக அனுப்புவது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து மொத்த வியாபாரிகள் மாக்ரோலாட்டோ தொழிற்பேட்டைக்கு நேரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு லட்சத்தைத் தொடும் மக்கள்தொகையில் பதிவு செய்த சீனர்கள் மட்டும் இன்று 30,000க்கு மேல்.

ஊர்க்காரர்களின் துணித் தொழிலைச் சீனர்கள் பறித்துவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். 2009 மேயர் தேர்தலில், போருக்குப் பின் முதல் முறையாக வலதுசாரி வேட்பாளர் வென்றதில் அந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பிராட்டோக்காரர்கள் செய்தது துணி, வென்ஜோக்காரர்கள் தைத்தது ஆடை. தொழிலே வேறு. ஒரே ஊரில் இரண்டு தொழில் வட்டாரங்கள் முதுகு காட்டிக்கொண்டு நின்றன என்பதுதான் சரி. சீனத் தையல் பட்டறைகளுக்கான துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது, பக்கத்துத் தெருத் தறியிலிருந்து வரவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சேர்ந்தது ஒரே விஷயத்தில், வாடகையில். மூடிய ஆலைகளின் ஷெட்டுகளை இத்தாலியச் சொந்தக்காரர்கள் சீனர்களுக்கு வாடகைக்கு விட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருந்தார்கள்.

உள்ளே நடந்தது 2013 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை விடியலில் உலகுக்குத் தெரிந்தது. மாக்ரோலாட்டோவில் ஓர் ஆடைப் பட்டறை தீப்பிடித்தது. பட்டறைக்குள்ளேயே தடுப்பு அடித்த பரணில் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், அனைவரும் சீனர்கள். மறு ஆண்டு டஸ்கனி மாகாண அரசு பட்டறைகளை வரிசையாகச் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. படுக்கைகளும் ஆபத்தான மின்கம்பிகளும் குறைந்தன. இப்போது அந்தப் பட்டறைகளில் பாகிஸ்தானியத் தொழிலாளர்களும் நிறைய. அவர்கள் அண்மை ஆண்டுகளில் நடத்தும் வேலைநிறுத்தங்களின் கோரிக்கை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்பது. இருபத்தோராம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் நடுவில்.

சட்டம் மீறிய பட்டறை என்றால் சீனப் பட்டறை என்ற எண்ணத்தையும் ஒரு மரணம் உடைத்தது. 2021 மே மாதம், பிராட்டோவை ஒட்டிய மாண்டெமுர்லோவில் ஓர் இத்தாலிய ஜவுளிப் பட்டறையில், பாவு ஓட்டும் எந்திரம் 22 வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டது. சின்னக் குழந்தையின் தாய். எந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. தடுப்பு இருந்தால் எந்திரம் அடிக்கடி நிற்கும், மீட்டர் கணக்கில் உற்பத்தி குறையும். விலை நெருக்கடி கடைசியில் போய் முட்டும் இடம் அந்தத் தடுப்புதான்.

ஆடம்பரச் சரக்கு இத்தாலியைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையிலும் கீறல் விழுந்திருக்கிறது. சுங்க விதிப்படி, கடைசியாக முக்கியமான மாற்றம் நடந்த நாடே சரக்கின் நாடு. ஆகவே துணி எங்கிருந்து வந்தாலும் இத்தாலியில் தைத்தால் இத்தாலியத் தயாரிப்பு என்று எழுதிக்கொள்ளலாம். 2024இல் மிலான் நீதிமன்றம் பெயர்பெற்ற சில ஆடம்பர நிறுவனங்களின் உற்பத்திப் பிரிவுகளை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. அவர்கள் கொடுத்த வேலை துணை ஒப்பந்தம், அதற்கும் துணை ஒப்பந்தம் என்று இறங்கி, தொழிலாளர்கள் சுரண்டப்பட்ட பட்டறைகளில் போய் முடிந்திருந்தது. மலிவு உழைப்பைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை, அது பக்கத்து ஊர் ஷெட்டுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது.

பிராட்டோ செத்துவிடவில்லை. இன்னும் ஐரோப்பாவின் பெரிய ஜவுளி மையங்களில் ஒன்று அது. முன்பு மலிவுத் துணி என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்ட கந்தல் கம்பளியை இப்போது மறுசுழற்சித் துணி என்று பெருமையாக விற்கிறார்கள். குறைந்தது 65 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருந்தால் உள்ளூர் வணிகச் சபையின் 'கார்டாட்டோ ரிசைக்கிள்ட்' முத்திரை கிடைக்கும். சூழலைப் பற்றி உலகம் கவலைப்படத் தொடங்கிய காலத்தில் இந்த ஊரிடம் நூறாண்டு அனுபவம் கையிருப்பாக இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகள் 2025 ஜனவரி முதல் பழந்துணியைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். ஆகவே கந்தலுக்குப் பஞ்சம் வரப்போவதில்லை. ஒவ்வொரு துணியையும் தொட்டுப் பிரிக்கும் வேலைக்கு இப்போது ஒளிக்கதிர் எந்திரங்களையும் கொண்டுவருகிறார்கள். இழை என்ன, கலப்பு எவ்வளவு என்பதை எந்திரம் சொல்லிவிடும். ஆனால் எந்தச் சிவப்போடு எந்தச் சிவப்பைக் கலந்து கிழித்தால் வாங்குபவர் கேட்ட சிவப்பு வரும் என்பதற்குப் பலகை முன் உட்கார்ந்திருப்பவரிடம்தான் கேட்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். ஐரோப்பாவின் பழந்துணியில் ஒரு பகுதி கப்பலேறி இந்தியாவின் பானிபட்டுக்குப் போகிறது. அங்கேயும் தரையில் குவித்துப்போட்டு நிறம் பிரிக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள்.